இரும்புக்கை மாயாவிக்கும் ஒரு கை போயிருந்தது

போன தடவை நம் ஊர் ஏரியைப் பற்றி எழுதியபோது "டீச்சர், ரொம்ப நீளம்" என்று சிலர் சொன்னீர்கள். இது அதைவிட நீளம். வகுப்பில் நாற்பது நிமிடம் என் பேச்சைக் கேட்டவர்கள்தானே, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உங்களிடம் ஓர் உதவியும் கேட்கப் போகிறேன்.

காலாண்டு விடுமுறைக்கு மகள் வயிற்றுப் பேத்தி வந்திருந்தாள். நான்காம் வகுப்பு. மத்தியான வேளையில் திண்ணையில் உட்கார்ந்து, அவள் அம்மாவின் கைபேசியில் 'பிக் ஹீரோ 6' என்ற பொம்மைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றடைத்த தலையணை மாதிரி வெள்ளையாக, தொப்பையும் தொந்தியுமாக ஒரு ரோபோ. அது நடப்பதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். நான் உள்ளே புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சிரிப்புச் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தால் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

"என்ன கண்ணு?" என்றேன்.

"அந்த அண்ணன் தீயில செத்துப் போயிட்டான் அம்மாயி."

மகள் அடுப்படியிலிருந்து வந்தாள். "பொம்மைப் படத்துல எதுக்கு இந்த எழவெல்லாம் காட்டறானுங்க? குடு இங்க" என்று கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள். பேத்தி கத்தவில்லை. "அம்மா, நான் முழுசாப் பாக்கணும். தம்பி அழுதுக்கிட்டே இருக்கான். அந்த ரோபோ அவனைச் சரி பண்ணுதா இல்லையான்னு தெரியணும்" என்றாள்.

நான் மகளிடமிருந்து கைபேசியை வாங்கிப் பேத்தியிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து மீதிப் படத்தை அவளோடு பார்த்தேன். மகளுக்கு என்மேல் கோபம். அவளுக்கு அன்றைக்குச் சொல்லாத காரணத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏறக்குறைய நாற்பது வருடத்துக்கு முன்னால், அவள் செய்ததையே நானும் ஒரு பையனுக்குச் செய்தேன். அது இன்னும் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது.

அதைச் சொல்வதற்கு முன் 1972-க்குப் போக வேண்டும். அப்போது நான் ஏழாம் வகுப்பு. நம் ஊர் அன்றைக்குச் சேலம் மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல்தான். எங்கள் வீட்டில் குழித்தறி ஒன்று இருந்தது. அப்பா தறியில், அம்மா ராட்டையில். பள்ளி விட்டு வந்தால் நான் தார் சுற்ற வேண்டும். அண்ணனுக்கு மட்டும் வெளிவேலை. ராசிபுரம் போய் நூல் வாங்கி வருவது அவன் பொறுப்பு. அப்படிப் போனவன் ஒரு நாள் நூல் கட்டுக்குள் ஒரு புத்தகத்தை ஒளித்து வைத்துக் கொண்டுவந்தான். அட்டையில் ஒரு மனிதன், அவன் கை இரும்பு.

அந்த வருடம் ஜனவரியில்தான் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியிருந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் காலண்டருக்கும் பேர்போன ஊர். அங்கே அச்சகத்துக்கா பஞ்சம்? மு. சௌந்தரபாண்டியன் என்பவர் வெளிநாட்டுச் சித்திரக்கதைகளைத் தமிழில் கொண்டுவர முனைந்தார். முதல் வெளியீடு 'இரும்புக்கை மாயாவி'. அதன்பின் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைப் பையன்களுக்கு அந்தப் பெயர் சொந்தக்காரர் பெயர் மாதிரி ஆகிவிட்டது.

தெரியாத இளையவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். மாயாவியின் பெயர் லூயிஸ் கிராண்டல். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடம்பு முழுவதும் மறைந்துவிடும்; இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உருவம் வந்துவிடும். அதற்குள் காரியத்தை முடித்தாக வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த ஒற்றைக் கை பூட்டைத் திறப்பதையும் துப்பாக்கியைப் பிடுங்குவதையும் பார்க்க எங்களுக்கு அலுக்கவே அலுக்காது.

எங்கள் தெருவில் அது ஒரு விளையாட்டாகவே ஆனது. அண்ணன் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளைப் பொறுக்கிவந்து கையில் சுற்றிக்கொள்வான். தூணைத் தொட்டு "ஷாக் அடிச்சிருச்சு" என்று கத்துவான். அதன்பின் அவனை யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அவன் வந்து எல்லார் தலையிலும் கொட்டிவிட்டுப் போவான், கொட்டு வாங்கியவன் "யாருடா அது?" என்று சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். எனக்கும் வெள்ளித் தாள் வேண்டும் என்று கேட்டேன். "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு மாயாவி?" என்று என்னைத் தூணாக நிற்க வைத்துவிட்டான். அதிலும் ஒரு பெருமை எனக்கு. மின்சாரம் என்னிடமிருந்துதானே வருகிறது!

சிரிப்பும் கூத்துமாக இருந்த அந்த நாட்களில் ஒரு விஷயம் எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. இரும்புக் கை இருக்கிறது என்றால், அந்த இடத்தில் இருந்த சொந்தக் கை எங்கே போயிற்று?

காலம் ஓடியது. ஆசிரியர் பயிற்சி முடித்து, இடைநிலை ஆசிரியையாகப் பக்கத்துக் கிராமத்து நடுநிலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். தெருவெல்லாம் குழித்தறிச் சத்தம் போய் விசைத்தறிச் சத்தம் வந்திருந்த காலம். 1986 கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது ஏழாம் வகுப்பில் ஒரு பையன் வரவில்லை. விசாரித்தால், விடுமுறையில் தறிப் பட்டறைக்கு வேலைக்குப் போயிருக்கிறான். ஓடுகிற தறியில் பல்சக்கரத்துப் பக்கம் ஒட்டியிருந்த பஞ்சைத் துடைக்கப் போய், வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

இரண்டு மாதம் கழித்து வந்தான். எந்நேரமும் வலது கை கால்சட்டைப் பைக்குள்ளேயே இருக்கும். இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தான். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அழுவானோ என்று பயம். கேட்காமல் இருப்பதுதான் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் இடைவேளையில் பையன்கள் கூட்டமாக "இரும்புக்கை! டேய் இரும்புக்கை!" என்று கத்தும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் நடுவில் அவன். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான்கு பேருக்குப் பிரம்படி. அவர்கள் கையில் கிழிந்துபோன பழைய மாயாவி புத்தகம் ஒன்று இருந்தது. "இந்தக் குப்பையைப் படிச்சுத்தான் இப்படிப் புத்தி போகுது" என்று பிடுங்கி, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். ஊனமுற்ற பிள்ளைக்கு நியாயம் செய்துவிட்டோம் என்ற திருப்தி வேறு.

சாயங்காலம் எல்லோரும் போனபின் அந்தப் பையன் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"டீச்சர், அந்தப் புக்கு என்னுதுங்க."

எனக்குப் புரியவில்லை. "அவனுங்க உன்னைக் கிண்டல் பண்ணினானுங்களே?" என்றேன்.

"இல்லீங்க டீச்சர். இரும்புக்கைன்னு கூப்பிடச் சொன்னதே நாந்தானுங்க." கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு சொன்னான்: "அவருக்கும் கை போச்சுல்லங்க டீச்சர்?"

அப்போதாவது அலமாரியைத் திறந்து கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. "முதல்ல பாடத்தைப் படி. வருசக் கடைசியில தர்றேன்" என்று சொன்னேன். அந்த வருடக் கடைசியில் சுண்ணாம்பு அடிக்க அலமாரியைக் காலி செய்தபோது, பழைய தாள்களோடு சேர்ந்து அதுவும் எடைக்குப் போய்விட்டது. எட்டாம் வகுப்போடு அவன் படிப்பை நிறுத்திவிட்டான்.

பணி ஓய்வுக்குப் பிறகு நேரம் கிடைத்ததும், அந்த ஒற்றை வாக்கியம்தான் என்னைத் தேட வைத்தது. மாயாவி எங்கிருந்து வந்தான்? யார் எழுதினார்கள்? மகன் இணையத்தில் தேடக் கற்றுக் கொடுத்தான். படிக்கப் படிக்க, அந்த ஏழாம் வகுப்புப் பையன் சொன்னதே சரி என்று தெரிந்தது.

மாயாவி பிறந்தது லண்டனில். 'வேலியண்ட்' என்ற சிறுவர் வார இதழ் 1962 அக்டோபர் 6-ஆம் தேதி தொடங்கியது. அதன் முதல் இதழிலேயே அவன் கதை ஆரம்பித்தது. கதை எழுதத் தொடங்கியவர் கென் பல்மர். பின்னால் டாம் டல்லி எழுதினார். படம் வரைந்தவர் ஸ்பெயின் நாட்டுக்காரர் ஹேசுஸ் பிளாஸ்கோ. கதையின் தொடக்கத்தில் கிராண்டல் நல்லவனே இல்லை. ஆய்வகத்தில் உதவியாளன், ஒரு விபத்தில் வலது கையை இழந்தவன், அந்த இடத்தில் இரும்புக் கை பொருத்தியிருக்கிறார்கள். மனதெல்லாம் கசப்பு. அப்புறம் நடக்கும் இன்னொரு விபத்தில் மின்சாரம் பாய்ந்து உருவம் மறைகிறது. மறைந்ததும் அவன் செய்யும் முதல் காரியம் ஊரைக் காப்பாற்றுவது இல்லை, திருட்டும் அட்டூழியமும்தான். உலகத்தின்மீது அவ்வளவு கோபம். மெல்ல மெல்லத்தான் திருந்துகிறான். பிறகே நிழற்படை என்ற ரகசிய அமைப்பில் சேர்ந்து நாயகன் ஆகிறான்.

யோசித்துப் பாருங்கள். கை போன ஒருவன், யார் கண்ணிலும் படாமல் மறைந்துபோக நினைக்கிறான். ஆனால் எல்லாம் மறைந்தாலும் அந்தக் கை மட்டும் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. கால்சட்டைப் பைக்குள் கையை ஒளித்துக்கொண்டு திரிந்த பிள்ளைக்கு இதை யாராவது விளக்கிச் சொல்ல வேண்டுமா? நாங்கள் வெள்ளித் தாளைப் பார்த்தோம். அவன் உள்ளே இருந்ததைப் பார்த்தான்.

1984-ல் சிவகாசியிலிருந்தே லயன் காமிக்ஸ் வந்தது. நடத்தியவர் சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன். அதில் பையன்கள் உயிரை விட்டது 'ஸ்பைடர்' என்ற கதாபாத்திரத்துக்கு. கூர்மையான காது, முதுகில் வலைத் துப்பாக்கி, ஹெலிகார் என்ற பறக்கும் வண்டி. இவன் அமெரிக்க ஸ்பைடர்மேன் இல்லை. 1965-ல் இங்கிலாந்தின் 'லயன்' இதழில் பிறந்தவன். இவனும் குற்றவாளிகளின் ராஜாவாகத் தொடங்கிப் பிறகு நல்ல பக்கம் வந்தவன்தான். டெட் கவன் தொடங்கிய அந்தக் கதையை அப்புறம் எழுதியவர் யார் தெரியுமா? ஜெர்ரி சீகல். நண்பர் ஜோ ஷூஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனை உருவாக்கியவர்.

ஜெர்ரியின் தகப்பனார் லித்துவேனியாவிலிருந்து பிழைப்புத் தேடி அமெரிக்கா வந்தவர். கிளீவ்லாண்ட் நகரில் துணிக்கடை வைத்திருந்தார். 1932 ஜூன் மாதம் ஓர் இரவில் கடைக்குள் திருடர்கள் புகுந்தார்கள். அந்தக் களேபரத்தில் அவர் மாரடைத்து விழுந்து இறந்துபோனார். அப்போது ஜெர்ரிக்கு வயது 17. அதற்கு அடுத்த சில வருடங்களில்தான், குண்டு துளைக்காத உடம்போடு திருடர்களைப் பிடிக்கும் ஒரு மனிதனை அந்த இரண்டு பையன்களும் கற்பனை செய்தார்கள். 1938-ல் 130 டாலருக்கு அதன் உரிமையை விற்றார்கள். சூப்பர்மேன் அந்தத் துணிக்கடையில்தான் பிறந்தான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. நிச்சயமாக நிரூபிக்க முடியாத விஷயம். ஆனால் தகப்பனை அப்படி இழந்த ஒரு பிள்ளைக்கு வேறு என்ன கனவு வரும்?

சட்டைக்கு மேல் ஜட்டி போட்டுக்கொண்டு பறக்கிறான் என்று நாம் சிரித்தோமே, அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு சாவு வீடு இருந்திருக்கிறது.

இனி, பெரியவர்களாகிய நாம் என்ன செய்தோம் என்று பார்க்கலாம். அமெரிக்காவில் 1954-ல் ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர், காமிக்ஸ் குழந்தைகளைக் கெடுக்கிறது என்று ஒரு புத்தகமே எழுதினார். அந்த நாட்டு செனட் சபையின் குழு விசாரணை நடத்தியது. பயந்துபோன பதிப்பாளர்கள் தாங்களாகவே ஒரு விதிமுறையை வகுத்தார்கள். அட்டையில் அந்த முத்திரை இருந்தால்தான் கடைக்காரர் புத்தகத்தை வைப்பார். தீமை எப்போதும் தோற்க வேண்டும். அதிகாரிகளை மரியாதைக் குறைவாகக் காட்டக் கூடாது. இப்படி நீண்ட பட்டியல். போதைப் பொருளைப் பற்றி, அதைக் கண்டிப்பதற்காகக்கூட, பேச முடியாத நிலை.

1971-ல் அமெரிக்க அரசின் சுகாதாரம், கல்வித் துறையே ஸ்டான் லீயிடம் கேட்டுக்கொண்டது: 'போதையின் கேட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை ஒன்று எழுதுங்கள்.' அவர் ஸ்பைடர்மேனின் உற்ற நண்பனே மாத்திரைக்கு அடிமையாகும் கதையை எழுதினார். முத்திரை தர மறுத்துவிட்டார்கள். முத்திரை இல்லாமலே மூன்று இதழ்களையும் வெளியிட்டார். உலகம் இடிந்து விழவில்லை. அதே ஆண்டு விதிகளைத்தான் தளர்த்த வேண்டியிருந்தது. வில்லனோடு மல்லுக்கட்டிக்கொண்டே நகைச்சுவை பேசும் ஸ்பைடர்மேன், நண்பனின் படுக்கைக்குப் பக்கத்தில் செய்வதறியாமல் நின்றதைப் பிள்ளைகள் படித்தார்கள்.

1982-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கேப்டன் மார்வெல் என்ற விண்வெளி வீரன் புற்றுநோயால் சாகிறான். எழுதி வரைந்த ஜிம் ஸ்டார்லின், தன் தகப்பனாரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். உலகத்தையே காப்பாற்றிய வீரர்கள் எல்லாரும் கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். ஒருத்தராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடிதடி வேண்டியவர்களுக்கு அந்தப் புத்தகத்தில் அதிகம் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்ற அனுபவம் உள்ள யாருக்கும் அதில் எல்லாம் இருக்கிறது.

இதெல்லாம் புத்தகம், திரையில் அசையும் பொம்மைப் படத்துக்கும் அதே கதைதான். ஜப்பானில் ஒசாமு தெசுகா என்பவர் மருத்துவம் படித்தவர். 1945-ல் ஒசாகா நகரத்தின்மீது குண்டு மழை பெய்தபோது உயிர் தப்பியவர். அவர் 1952-ல் வரைந்த 'ஆஸ்ட்ரோ பாய்', 1963 ஜனவரி 1 முதல் தொலைக்காட்சியில் வந்தது. காலிலிருந்து நெருப்புக் கக்கிப் பறக்கும் குட்டிப் பையன்; பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் கதை எங்கே தொடங்குகிறது? ஒரு விஞ்ஞானியின் மகன் விபத்தில் சாகிறான். அந்தத் துக்கத்தில் மகனைப் போலவே ஒரு ரோபோவைச் செய்கிறார். ரோபோவுக்கு வயது ஏறவில்லை, உயரம் கூடவில்லை. 'நீ என் மகன் இல்லை' என்று சர்க்கஸ்காரனுக்கு விற்றுவிடுகிறார். பெற்றவர் துக்கத்தில் எவ்வளவு கொடூரமாக நடந்துகொள்ளலாம் என்பதை ஒரு பொம்மைப் படம் சொல்லிவிட்டது.

என் பேத்தி பார்த்த 'பிக் ஹீரோ 6' அந்த வழியில் வந்ததுதான். 2014-ல் டிஸ்னி எடுத்தது. அடுத்த ஆண்டு சிறந்த அசைபடத்துக்கான ஆஸ்கர் பரிசும் வாங்கியது. ஹிரோ என்ற 14 வயதுப் பையன். அவனுக்கு எல்லாமாக இருந்த அண்ணன், தீ விபத்தில் தன் பேராசிரியரைக் காப்பாற்ற ஓடிப்போய் இறந்துவிடுகிறான். அண்ணன் செய்துவைத்துவிட்டுப் போன மருத்துவ ரோபோதான் அந்தக் காற்றடைத்த தொந்தி. 'ஒன்று முதல் பத்துக்குள் உன் வலி எவ்வளவு?' என்று அது கேட்கும். உடம்பில் காயம் இல்லாத வலிக்கு என்ன மருந்து என்று அதற்குத் தெரியாது. தேடிப் படித்துவிட்டு, நண்பர்களோடு சேர்ந்திருப்பதே சிகிச்சை என்று முடிவு செய்து அவர்களை வரவழைக்கிறது. நடுவில் ஹிரோவுக்குப் பழிவாங்கும் வெறி வந்து, அந்த ரோபோவின் மருத்துவச் சில்லையே பிடுங்கி எறிந்து அதைக் கொல்லும் எந்திரமாக மாற்றப் பார்க்கிறான். நண்பர்கள் தடுக்கிறார்கள். ரோபோ தனக்குள் பதிவாகியிருந்த அண்ணனின் காட்சிகளை அவனுக்குக் காட்டுகிறது. மறுபடி மறுபடி தோற்று, மறுபடி மறுபடி முயன்று, கடைசியில் அந்த ரோபோவை ஓட வைத்த அண்ணனின் சிரித்த முகம். அந்த இடத்தில் பேத்தி அழவில்லை. நான்தான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். 1962-ல் கை போன கிராண்டலும் கோபத்தில் இதையேதான் செய்தான் என்று எனக்குத் தோன்றியது. அவனைத் தடுக்கத்தான் பக்கத்தில் யாரும் இல்லை.

படம் முடிந்ததும் பேத்தி கேட்டாள்: "அம்மாயி, தாத்தா செத்தப்ப உனக்கு வலி எத்தனை நம்பரு?"

அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. துக்கம் விசாரிக்க எத்தனையோ பேர் வந்தார்கள். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. "பத்து" என்றேன். "இப்ப?" என்றாள். கொஞ்சம் யோசித்து, "ஆறு" என்றேன். அவள் என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். அடுப்படி வாசலில் நின்று மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். அதன்பின் அவளும் படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளைகள் கையில் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை. பரபரப்புக்காகவே சாவைக் காட்டுவதும் உண்டு. அதைப் பார்த்தாலே தெரியும். வயதுக்கு மீறியதைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் சிரிக்கச் சிரிக்கப் போகிற கதை ஓரிடத்தில் நின்று துக்கத்தைத் தொடும்போது, பிடுங்குவதற்கு முன் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். துக்கம் படத்திலிருந்து அதற்கு வந்ததா, ஏற்கெனவே மனதில் இருந்ததா என்று பாருங்கள். பேத்தி அவள் தாத்தாவை நினைத்துத்தான் அழுதிருக்கிறாள். நாங்கள் யாரும் அவளிடம் தாத்தா செத்ததைப் பற்றிப் பேசியதே இல்லை. சின்னப் பிள்ளைக்கு எதற்கு என்று விட்டுவிட்டோம்.

அமெரிக்காவில் அட்டையில் குத்துவதற்கு ஒரு முத்திரை இருந்தது. நம் ஊரில் அந்த முத்திரை நாங்கள்தான், ஆசிரியர்கள். எங்கள் அலமாரிகளில் எத்தனை புத்தகங்கள் பூட்டிக் கிடந்தன! நான் அந்தப் பையனிடம் கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனைப் பெற்றவர்களும் பேசியிருக்க மாட்டார்கள்; பட்டறைக்கு அனுப்பியது அவர்கள்தானே, எந்த வாயால் பேசுவார்கள்? அவனோடு அதைப் பற்றிப் பேசியது அந்தக் கிழிந்த புத்தகம் ஒன்றுதான். கை போன ஒருவன் அதற்கு அப்புறமும் கதையின் நாயகனாக இருக்கலாம் என்று அது சொன்னது. அந்தப் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டு, கையை வெளியே எடுத்து, நண்பர்களோடு விளையாட ஆரம்பித்திருந்தான். நான் போய் அந்த விளையாட்டைக் கலைத்தேன். அவன் நண்பர்கள் நான்கு பேரை அடிக்கவும் செய்தேன். அந்த நால்வரில் இதைப் படிப்பவர்கள் இருந்தால், என்னை மன்னித்துவிடுங்கள் கண்ணுகளா.

2017-ல் என் பணி நிறைவு விழாவுக்கு அவன் வந்திருந்தான். தலை நரைத்திருந்தது. மனைவியோடு வந்து இரண்டு கையாலும் எனக்குப் பொன்னாடை போர்த்தினான். "என்னை ஞாபகம் இருக்குங்களா டீச்சர்? இரும்புக்கைங்க" என்று சொல்லிச் சிரித்தான். எனக்கு வாய் வரவில்லை. "இருக்கு சாமி, நல்லா இருக்கியா?" என்று மட்டும் கேட்டேன். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அவன் நகர்ந்துவிட்டான். தொலைபேசி எண்கூட வாங்கவில்லை.

முத்து காமிக்ஸ் ஐம்பது வருடத்தைத் தாண்டி இன்னமும் வந்துகொண்டிருக்கிறது. பழைய மாயாவி கதைகளையும் மறுபதிப்புப் போட்டிருக்கிறார்கள். மகனிடம் சொல்லி ஒன்றைத் தபாலில் வரவழைத்தேன். நல்ல தாள், நல்ல அட்டை. நான் எடைக்குப் போட்டதைவிட அழகாக இருக்கிறது.

நான் கேட்கும் உதவி இதுதான். 1986-87-ல் ஏழாம் வகுப்பு படித்தவர்களுக்கு அவன் யார் என்று தெரியும். பின்னூட்டத்தில் அவன் பெயரை எழுத வேண்டாம். அவனிடம் நேரில் சொல்லுங்கள், அல்லது தொலைபேசியில் சொல்லுங்கள். டீச்சர் பூட்டி வைத்த புத்தகத்தைத் திருப்பித் தரக் காத்திருக்கிறார். வருசக் கடைசியில் தருகிறேன் என்று சொன்னவர், வருசம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வெண்ணந்தூர் வீட்டில்தான் இருப்பேன். வரும்போது பேரப்பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டிவரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்